ஜாம் போத்திலில் தேத்தண்ணி

கேள்வி:

அக்கா, நானும் அவரும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். போன நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு ஒரு வயசாளி எங்கள் கடை விறாந்தையில் இரவில் வந்து படுக்கத் தொடங்கினார். ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் தன்பாட்டில் கதைப்பார், கிட்டப் போனால் மணக்கும். காலையில் தேத்தண்ணி கொடுப்பேன். அதற்கென்று ஒரு பழைய ஜாம் போத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். என்ரை மனுசன் விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர் அடித்து விறாந்தையைக் கழுவ, அந்த ஆள் பதறி எழும்பி ஓடுவார். சாப்பிட வருகிற சனம் "உந்தாளை ஏன் வைச்சிருக்கிறியள்" என்று கேட்கிறது. போன மாதம் யூடியூப் பெடியள் வந்து சோற்றுப் பார்சல் கொடுத்து வீடியோ எடுத்தபோது அவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். இப்போது தரம் 7 படிக்கிற என் மகள், "அம்மா, ஏன் அவருக்கு மட்டும் போத்திலில குடுக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. துரத்தவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழி தெரியவில்லை. அவரோடு எப்படிப் பழகுவது? பிள்ளைக்கு ஏதும் பயமில்லையா?

— கடைக்காரத் தங்கச்சி, யாழ்ப்பாணம்

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன, ஆனால் மகள் கேட்டதுதான் பெரிய கேள்வி. அதில் தொடங்கினால் மற்றவை தானாக வரும்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் அந்தப் போத்திலை எடுத்திருக்க மாட்டீர்கள், அது எனக்கு விளங்குகிறது. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவருக்கு ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தாலே நட்டம்தான். ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு உங்கள் எண்ணம் தெரியாது, போத்தில்தான் தெரியும். எங்கள் அப்பாச்சி வீட்டுக் கோடிப்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு சிரட்டை செருகிக் கிடந்தது. வீட்டு ஆட்களுக்கு மூக்குப்பேணி, விருந்தாளிக்குக் கண்ணாடிக் கிளாஸ், வேலி அடைக்க வருகிறவருக்கு அந்தச் சிரட்டை. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் "உது இப்ப பாவிக்கிறேல்லை" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாவிக்காத சாமானை ஏன் கூரை வளை மாற்றும்போதும் எடுத்துப் பத்திரமாகத் திரும்பச் செருகினார்கள் என்று நான் கேட்கவில்லை, உங்கள் மகள் அளவுக்குக் கெட்டிக்காரியாக இருக்கவில்லை. எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே வாங்கில் இருந்து ஒரே மாதிரிக் கிளாஸில் குடிப்பதற்காக அடி வாங்கிய மனிதர்கள் இருக்கிறார்கள். அதற்கு 1957 இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது, சட்டம் வந்தும் 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் உள்ளே விடு என்று சனம் நின்று போராட வேண்டியிருந்தது. இந்தக் கதையெல்லாம் உள்ள ஊரில், ஒருவருக்கு மட்டும் தனிப் போத்தில் என்றால் அது வெறும் போத்தில் இல்லை.

நோய் பயம் என்றால் அதைத் தனியாகப் பார்ப்போம். நல்லாகக் கொதித்த தண்ணீரும் சவுக்காரமும் உங்கள் கடையில் எல்லாக் கிளாஸுக்கும் செய்கிற வேலையை அவருடைய கிளாஸுக்கும் செய்யும். சயரோகம் என்று சிலர் பயப்படுவார்கள். அது கிளாஸால் தொற்றுகிற வருத்தம் இல்லை, இருமும்போது காற்றால் பரவுவது. அவருக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் மார்பு நோய்க் கிளினிக்கில் காட்ட வேண்டும், அரசாங்கத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். அதற்கும் போத்திலுக்கும் சம்பந்தம் இல்லை. கடையில் எல்லாருக்கும் கடதாசிக் கப் என்றால் அவருக்கும் கடதாசிக் கப். எல்லாருக்கும் கிளாஸ் என்றால் அவருக்கும் கிளாஸ். அவ்வளவுதான்.

சரி, அந்த ஐந்து மணித் தண்ணீர்.

இதில் உங்கள் மனுசனை நான் திட்டப் போவதில்லை. கடை விறாந்தை கழுவத்தான் வேண்டும், கழுவாமல் யார் வந்து பிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்? ஆனால் நித்திரையில் கிடக்கிற மனிதனின் முதுகில் குளிர்தண்ணீர் படுவதும், "ஐயா, நேரமாச்சு, எழும்புங்கோ" என்று ஒரு குரல் கேட்பதும் ஒன்றா? விறாந்தை இரண்டிலும் சுத்தமாகும். இந்த விசயத்தை விடிய ஐந்து மணிக்குப் பேசாதீர்கள், அந்த நேரம் யாருக்கும் புத்தி வேலை செய்யாது, உங்கள் மனுசனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பின்னேரம் அந்த ஐயா வந்து இருக்கிற நேரம், நின்றபடி சொல்லாமல் பக்கத்துத் திண்ணையிலோ ஸ்டூலிலோ இருந்துகொண்டு உங்கள் மனுசனைச் சொல்லச் சொல்லுங்கள்: "ஐயா, நாங்கள் அஞ்சரைக்குக் கடை திறக்கிறம். அஞ்சுக்குக் கழுவ வேணும். கால் மணித்தியாலம் முந்தி எழுப்பிவிடட்டோ?" அவர் ஓம் என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் இருப்பார், அல்லது அடுத்த நாள் தானாகவே நாலரைக்கு எழும்பிவிடுவார். மூன்றில் எது நடந்தாலும் உங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு பேச்சு ஒழுங்கு வந்துவிடும்.

நான் சொல்லும் மரியாதை இதுதான். ஒருவர் விசயத்தில் ஏதாவது செய்வதற்கு முதல் அவரிடம் ஒருக்கால் கேட்பது. இரக்கம் காட்டுகிற ஆட்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. கேட்டுச் செய்கிற ஆட்கள்தான் குறைவு.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. உளசமூகப் பணிக்கு வந்த இரண்டாம் வருடம், நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு கோவில் மடத்தடியில் கிடந்த மனிதர் ஒருவரைச் "சுத்தப்படுத்தினோம்". தலையும் தாடியும் வெட்டி, குளிக்க வார்த்து, புதுச் சாறமும் சேர்ட்டும் உடுத்திவிட்டோம். கூடி நின்ற சனம் எங்களை வாயாரப் புகழ்ந்தது. அவருடைய பழைய மூட்டை நாறியது, அதை எரித்துவிட்டோம். அவர் கத்தவில்லை. எரிகிறதையே பார்த்துக்கொண்டு இருந்தார், பிறகு "அதுக்குள்ள படம் இருந்தது" என்று மட்டும் சொன்னார். யாருடைய படம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு எத்தனை தாய் தகப்பன் இந்த ஊரில் திரிகிறார்கள் என்று தெரிந்திருந்தும் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்க ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு நாளில் அவர் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார். நாங்கள் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்த நாளில் இருந்து, யாருடைய பையாக இருந்தாலும் கேட்காமல் தொடுவதில்லை. உங்கள் ஆளின் பை மணத்தாலும் தொடாதீர்கள், தங்கச்சி. "மழைக்கு நனையாமல் இதை எங்க வைப்பம்?" என்று கேளுங்கள், கடைக்குள் ஒரு மூலை இருந்தால் காட்டுங்கள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, யாரோ எழுதின ஒரு கடிதம், இவ்வளவுதான் பலருக்கு வீட்டுக்குப் பதிலாக இருக்கிறது.

அடுத்தது கதைக்கிற விதம். எங்கள் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது, அல்லது ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒருவரை நாங்கள் எங்கே வைத்திருக்கிறோம் என்பதை ஒரு சொல்லிலேயே காட்டிவிடலாம். நீ, நீர், நீங்கள். முப்பது வயது வங்கி உத்தியோகத்தர் கடைக்குள் வந்தால் "வாங்கோ, இருங்கோ". அறுபது தாண்டிய மனிதர் விறாந்தையில் கிடந்தால் "டேய், எழும்பு". பேசுகிறவருக்கு அது பேச்சோடு பேச்சாகப் போய்விடும். கேட்கிறவருக்குப் போகாது. ஆகவே "நீங்கள்" சொல்லுங்கள், "ஐயா" சொல்லுங்கள், ஒரு கிழமை பழகின பிறகு பெயரைக் கேளுங்கள், அதுவும் உங்கள் பெயரை முதலில் சொல்லிவிட்டு. சில பேர் பெயரைச் சொல்ல விரும்ப மாட்டார்கள். விடுங்கள். எந்த ஊர், பிள்ளைகள் எங்கே, ஏன் இப்படி வந்தது என்று விசாரணை வைக்காதீர்கள். எங்கள் சனத்துக்கு முதல் சந்திப்பிலேயே "எந்தப் பகுதி, ஆற்றை ஆள்" என்று தோண்டுகிற பழக்கம் உண்டு, தோண்டுவது ஏன் என்றும் எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஒரு சின்னக் கதை. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில் இடம்பெயர்ந்து வலிகாமத்துச் சனம் முழுக்க நடந்தது, எனக்கு 13 வயது. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடக்க விடிந்துவிட்டது, மழை வேறு. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் சாக்கு விரித்துப் படுத்தோம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை நான், மூன்று நாள் உடுப்பு மாற்றவில்லை, தலை சிக்குப் பிடித்து மணத்தது. அந்த ஊர் அம்மா ஒருவர் கேத்தலோடு வந்து எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு போனார். என்னிடம் வந்தபோது நின்று, "பிள்ளைக்குச் சீனி காணுமோ?" என்று கேட்டார். அந்த நாட்களில் சீனி விற்ற விலைக்கு அது ஒரு பெரிய கேள்வி. அந்த நேரத்தில் எங்களுக்கு யாரும் எதையும் கேட்டுத் தரவில்லை, வரிசையில் நில் என்றார்கள், தள்ளு என்றார்கள், அதுவும் அவர்கள் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது.

உங்கள் கடையில் "உந்தாளை ஏன் வைச்சிருக்கிறியள்" என்று கேட்கிறவர்களில் நாற்பத்தைந்து வயது தாண்டிய எத்தனை பேர் அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கேட்க வேண்டாம், நினைத்தால் போதும். பதிலாக, "ஓம், ஐயா இரவில படுக்கிறவர், விடிய எழும்பிப் போயிடுவார், உங்களுக்கு வடையா றோல்ஸா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னால் அவர்கள் இன்னும் நாலு சொல்லுவார்கள். இது அனுபவம்.

தன்பாட்டில் கதைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். "விசரோ" என்று நீங்கள் எழுதாமல் விட்டதைக் கவனித்தேன், நன்றி. நல்லூர்த் தேரடியில் அழுக்குத் துணியோடு கிடந்து தன்பாட்டில் கதைத்த ஒருவரை எங்கள் சனம் விசர்ச் செல்லப்பா என்று சொன்னது. இன்றைக்கு அவர் செல்லப்பா சுவாமி, எங்கள் சனம் கும்பிடுகிற யோகர் சுவாமியின் குரு. பெரியகடையில் திரிந்த இன்னொருவர் கடையிற் சுவாமி. இதை நான் சொல்வது உங்கள் விறாந்தை ஆளும் சித்தராக இருக்கலாம் என்பதற்காக இல்லை, தயவுசெய்து யாரும் அவருக்குத் திருநீறு கேட்டுப் போக வேண்டாம். சித்தராக்குவதும் விசராக்குவதும் ஒரே வேலைதான், இரண்டிலும் அந்த மனிதரைப் பார்க்காமல் விடலாம். பெரும்பாலும் அவர் வருத்தம் உள்ள ஒரு வயசாளி, அல்லது கதைக்க ஆள் இல்லாததால் தன்னோடு கதைக்கிறவர், அல்லது காது மந்தமானதால் சத்தமாக யோசிக்கிறவர்.

காதில் குரல் கேட்கிற வருத்தம் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது. அந்த வருத்தம் உள்ளவர்கள் மற்றவர்களுக்கு அடிப்பதைவிட மற்றவர்களிடம் அடி வாங்குவதுதான் கூட, வீதியில் படுக்கிறவர்களுக்கு இன்னும் கூட. அவர் கதைக்கும் குரலோடு நீங்கள் சண்டை பிடிக்கவும் வேண்டாம், "ஓம் எனக்கும் கேக்குது" என்று தாளம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேக்கேல்லை ஐயா, ஆனா உங்களுக்குக் கரைச்சலா இருக்குது போல" என்றால் போதும். பின்னால் இருந்து தொடாதீர்கள், நாலு பேர் சுற்றி நின்று கதைக்காதீர்கள், வெளியே போகிற வழியை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், சின்னச் சின்ன வசனமாகப் பேசுங்கள். அவர் திடீரென்று மிகவும் குழம்பினால், விழுந்தால், வலிப்பு வந்தால் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மனநலம் பற்றிக் கேட்க 1926 இருக்கிறது. பொலிஸை முதலாவதாகக் கூப்பிடாதீர்கள். ஆபத்து என்றால் வேறு கதை, மணக்கிறது என்பதற்காக வேண்டாம். வீடில்லாமல் திரிவதையும் பிச்சை எடுப்பதையும் குற்றமாகப் பார்க்கிற ஒரு சட்டத்தை வெள்ளைக்காரன் 1841 இல் எழுதி வைத்தான், அந்தப் பார்வை எங்கள் தலைக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது.

குடிப்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. "நாளையிலை இருந்து குடிக்கக் கூடாது, அப்பதான் சாப்பாடு" என்று நிபந்தனை போடாதீர்கள். நெடுங்காலம் நிறையக் குடித்தவர் சடாரென்று நிறுத்தினால் கை நடுங்கி, வலிப்பு வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவது ஆஸ்பத்திரி மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை. காசு கொடுப்பதா விடுவதா என்று கேட்டால், விருப்பமென்றால் கொடுங்கள், கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்காதீர்கள். இல்லையென்றால் முகத்தைப் பார்த்து "இண்டைக்கு இல்லை ஐயா" என்று சொல்லுங்கள். கைபேசியைப் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு கடந்து போவதைவிட அது எவ்வளவோ மேல். நானும் சில நாள் நடித்திருக்கிறேன்.

மணம் பற்றி. யோசித்துப் பாருங்கள், பஸ் நிலையப் பக்கம் ஒரு மனிதர் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒன்றுக்கு எங்கே போவார்? காசு கொடுக்கிற மலசலகூடம் பூட்டின பிறகு? குளிக்க எங்கே தண்ணீர்? உடுப்புத் தோய்த்தால் காயும் வரைக்கும் எதை உடுத்திக்கொண்டு இருப்பார்? இரண்டாவது சாறம் இல்லாதவர் தோய்க்க மாட்டார், அதற்குப் பெயர் சோம்பல் இல்லை. கடைக்குப் பின்னால் தண்ணிக் குழாய் இருந்தால், ஒரு வாளியும் ஒரு சவுக்காரக் கட்டியும் வைத்து, "பின்னேரம் இந்த நேரத்தில பின்பக்கம் ஆக்கள் இல்லை, குளிக்கிறதெண்டா குளியுங்கோ" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். குளி என்று கட்டாயப்படுத்த வேண்டாம். மாற்று உடுப்புக் கொடுப்பதானால் இரண்டு சோடியாக, நல்லதாக, பொத்தான் உள்ளதாகக் கொடுங்கள். நாங்கள் உடுத்த வெட்கப்படுகிற சேர்ட்டை மற்றவருக்குத் தானம் செய்து புண்ணியம் தேடுகிற பழக்கம் எப்போது வந்ததோ தெரியாது.

காலைப் பாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். வீதியில் படுக்கிறவர்களின் காலில் ஆறாத புண் நான் கண்ட அளவில் மிகச் சாதாரணம், சீனி வருத்தம் இருந்தால் அவர்களுக்கு நோவே தெரியாது, தெரியும்போது விரல் போயிருக்கும். "ஐயா, காலுக்கு என்ன?" என்று கேட்டு, சம்மதித்தால் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு ஒருவர் கூடப் போங்கள். கூடப் போவது முக்கியம். தனியாகப் போனால் வாசலிலேயே ஒரு பார்வை விழும், அந்தப் பார்வைக்காகவே பலர் திரும்பி வந்துவிடுவார்கள். மடிப்புக் கலையாத சேலையோடு நீங்கள் பக்கத்தில் நின்றால் அதே ஆளுக்கு "ஐயா இதில இருங்கோ" என்று கதிரை வரும். அநியாயம்தான், ஆனாலும் புண் ஆறினால் சரி.

சாப்பாடு உங்கள் தொழில், உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும். மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, மற்றவர் மிச்சம் வைத்ததைக் கொடுப்பது வேறு. பாத்திரத்தில் மிஞ்சியதை இரவு கொடுங்கள், நல்ல விசயம். கோப்பையில் மிஞ்சியது வேண்டாம். முடிந்தால் கேளுங்கள், பிட்டா இடியப்பமா, உறைப்புப் பரவாயில்லையா. பல் இல்லாதவருக்கு றொட்டி கொடுத்துவிட்டு, சாப்பிடவில்லை திமிர் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோவில் மடங்களில் அன்னதானப் பந்தியில் இருந்து பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் கனடாவில் இருந்து வந்தவரா, மூன்று வருடமாக மடத்து மூலையிலேயே கிடக்கிறவரா என்று ஊற்றுகிற கைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை இது. கோவில் வீதியைத் தாண்டி வரும்போது எங்கேயோ மறந்து விடுகிறோம்.

இனி அந்த யூடியூப் பெடியள். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து நல்ல மனசோடு காசு அனுப்புகிற ஆட்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று பெடியள் சொல்லுவார்கள். கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டு இருக்கிறது. முகம் எதற்கு? ஒரு சோற்றுப் பார்சலுக்கு விலையாக அந்த மனிதர் தன் முகத்தை, அழுகையை, பிள்ளைகள் கைவிட்ட கதையை எல்லாம் விற்க வேண்டியிருக்கிறது, அதுவும் இல்லை என்று சொல்ல முடியாத பசியில் இருக்கும்போது. அந்த வீடியோ பிறகு அவர் பேரப்பிள்ளையின் கைபேசியிலும் வரும், பள்ளிக்கூடத்திலும் சுற்றும். உங்கள் ஆள் துவாயால் மூடிக்கொண்டாரே, அதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படி "வேண்டாம்" சொல்ல முடியும்? அடுத்த முறை வந்தால், அது உங்கள் கடை விறாந்தை, உங்களுக்குச் சொல்ல உரிமை இருக்கிறது: "தம்பி, சாப்பாடு குடுக்கிறதெண்டால் குடுங்கோ, கமராவை உள்ளுக்கு வையுங்கோ." அதிகம் பேச வேண்டாம். பெடியள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை, இரண்டு பேர் வெட்கப்படுவார்கள்.

அரசாங்கப் பக்கத்தில் என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன், ஆனால் இதிலும் அவரைக் கேட்டபிறகுதான். ஜிஎஸ், அதாவது கிராம சேவகர் ஊடாகப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகலாம். அடையாள அட்டை தொலைந்திருந்தால் முதல் வேலை அதுதான், அது இல்லாமல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் மாதிரி எந்த உதவிக்கும் படியேற முடியாது, முகவரி இல்லாதவரை எந்தக் குடும்பப் பட்டியலில் போடுவது என்று அங்கேயும் தலையைச் சொறிவார்கள், பொறுமையாக இருங்கள். கைதடியில் அரசாங்க முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே போக விருப்பமா என்று கேட்கலாம். இல்லை என்றால் "நன்றியில்லாத ஆள்" என்று நினைக்காதீர்கள். எந்த நேரம் படுப்பது, எப்போது வெளியே போவது, சுருட்டுப் பத்துவதா இல்லையா என்பதை இன்னொருவர் தீர்மானிக்கிற இடத்துக்குப் போக நீங்களும் நானும்கூடத் தயங்குவோம். பிள்ளைகள் இருந்து கைவிட்டிருந்தால், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபையில் முறையிட வழி இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டுக்கு நீங்கள் தகவல் சொல்லாதீர்கள். சிலர் வீட்டை இழந்தவர்கள், சிலர் வீட்டில் இருந்து தப்பி வந்தவர்கள், வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடை, வீடு, பிள்ளை என்று உங்களுக்கே மூச்சு விட நேரமில்லை. முடியாததை முடியாது என்று நேராகச் சொல்வதும் மரியாதைதான். "மாரி முடியும் வரைக்கும் படுங்கோ, அதுக்குப் பிறகு விறாந்தை திருத்த வேணும்" என்றால் அப்படியே முன்கூட்டிச் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் திடீரென்று எழுப்பி அனுப்ப வேண்டாம், அது மட்டும் என் வேண்டுகோள்.

பிள்ளைக்குப் பயமா என்று கேட்டீர்கள். வீடில்லாதவர் என்பதற்காகத் தனியாக ஒரு பயம் தேவையில்லை, தெரியாத எந்தப் பெரிய ஆளோடும் வைக்கிற அதே எல்லை போதும். நீங்கள் கடையில் நிற்கும்போது கதைக்கலாம், இருட்டில் தனியாக வேண்டாம், தொடுகிறது பிடிக்கவில்லை என்றால் சத்தமாகச் சொல்லலாம். இதை ரியூசன் மாஸ்டருக்கும் மாமாவுக்கும் சேர்த்தே சொல்லி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், சொல்லாவிட்டால் இன்றைக்கே சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்விக்கு, "நான் யோசிக்காமல் செய்துவிட்டேன், நீ சொன்னது சரி" என்று சொல்லுங்கள். வேறு விளக்கம் கொடுக்கப் போனால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், நாளைக் காலையில் உங்கள் கடைக் கிளாஸில், மற்றவர்களுக்கு ஊற்றுகிற அதே கிளாஸில், அவருக்குத் தேத்தண்ணி ஊற்றுங்கள். மகள் பள்ளிக்கூடம் போக முதல் அவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சீனி போடட்டோ என்று கேட்கச் சொல்லுங்கள். சீனி வருத்தம் இருந்தால் அவர் வேண்டாம் என்பார், இல்லாவிட்டால் இரண்டு கரண்டி என்பார். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாலும் பரவாயில்லை. அவருடைய பெயர் தெரிய வந்தால் எனக்கு எழுத வேண்டாம், உங்களோடு இருக்கட்டும்.

அந்த ஜாம் போத்திலைக் கொதிதண்ணியில் கழுவி, வெயிலில் ஈரமில்லாமல் காயவிடுங்கள். தேசிக்காய் மலிந்தால் ஊறுகாய் போட நல்ல அளவு.